நாற்பதுக்கு மேல் ஒரு கல்லூரிப் பை



போன இதழில் பனிக்காலத்தில் இட்லி மாவைப் பொங்க வைக்கும் வழிகளை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்கு நடுவில் வேறு மாதிரி ஒரு கடிதமும் இருந்தது. திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். "என் மகள் ப்ளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி அமெரிக்காவுக்கு வந்துவிட்டாள். குழந்தைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகின்றன. பகலெல்லாம் தனியாக இருக்கிறாள். ஆஸ்பத்திரி சம்பந்தமாக ஏதாவது படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது மாதத்தில் சர்டிபிகேட் தருகிறார்களாம். பணம் கட்டலாமா? நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்று கேட்டிருக்கிறார்.

படித்ததும் எனக்குக் கையில் இருந்த காபி ஆறிப்போச்சு. ஏனென்றால், அதே மாதிரி ஒரு பள்ளியில் பணத்தைக் கட்டிவிட்டு முழித்தவள் நான். இதுவரை இந்தப் பக்கத்தில் அதை எழுதவில்லை, வெட்கம்தான் காரணம். ஆனால் இன்னொரு பெண் அதே பள்ளத்தில் காலை வைக்கப் போகிறாள் என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம். ஆகையால் இந்தத் தடவை சமையலுக்கு லீவு. என் படிப்புக் கதையைச் சொல்கிறேன்.

நான் விருதுநகர்ப் பக்கத்துப் பெண். 1999இல் அரசுப் பெண்கள் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்தேன். உயிரியல் எனக்குப் பிடித்த பாடம். மேலே படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. 2005இல் கல்யாணம், பிறகு சிகாகோ நகரத்துக்குப் புறநகரில் குடித்தனம். பையன், பெண் என்று இரண்டு பிள்ளைகள். 2017இல் சின்னவளும் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. அப்போதுதான் கடைத்தெருவில் அந்த விளம்பரப் பலகையைப் பார்த்தேன். டாக்டர் வீட்டு உதவியாளர் வேலைக்கு ஒன்பது மாதப் படிப்பு, உடனே வேலை என்று போட்டிருந்தது.

உள்ளே போனேன். அங்கே இருந்த பெண்மணி அவ்வளவு இனிமையாகப் பேசினார். கையெழுத்துப் போடும்வரை டீ கொடுத்தார். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து வைத்திருந்ததும், இவர் கொடுத்ததுமாக 6,000 டாலர் கட்டினேன். ஒன்பது மாதம் ஒரு நாள் விடாமல் போனேன். சர்டிபிகேட்டும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கிளினிக் கிளினிக்காக ஏறினேன். "எந்தத் தேர்வு எழுதிப் பதிவு வாங்கியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். அந்தத் தேர்வுக்கு உட்கார நான் படித்த பள்ளிக்குத் தகுதியே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சரி, மேற்கொண்டாவது படிக்கலாம் என்று எங்கள் ஊர்க் கம்யூனிட்டி கல்லூரிக்குப் போனால், அங்கே ஆலோசனை சொல்லும் அம்மாள் என் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஒன்பது மாதத்தில் ஒரு மணி நேரத்தைக்கூட எங்கள் கணக்கில் சேர்க்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

இவர் என்னைத் திட்டவில்லை. "சரி விடு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தாலாவது அழுது தீர்த்திருப்பேன். அந்தச் சர்டிபிகேட்டை அரிசி டின்னுக்கு அடியில் போட்டு வைத்தேன். மூன்று வருஷம் படிப்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

பிறகு 2020 வந்தது. ஊரில் என் அம்மாவுக்கு முப்பது வருஷமாக இழுப்பு. மழைக்காலம் வந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ராத்திரியைக் கழிப்பார். கொரோனா காலத்தில் என்னால் ஊருக்கும் போக முடியவில்லை. தம்பி ஒவ்வொரு ராத்திரியும் அம்மா விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, "அக்கா, 95", "அக்கா, 93" என்று போனில் எண்ணைச் சொல்வான். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலே சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். அம்மா பிழைத்துக்கொண்டார். அந்த நாட்களில்தான் டெலிவிஷனில் டாக்டர், நர்ஸ் தவிர இன்னொரு பெயரும் அடிக்கடி காதில் விழுந்தது. ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். வென்டிலேட்டரைக் கவனிப்பவர்கள், ஆக்ஸிஜன் அளவைச் சரிபார்ப்பவர்கள், மூச்சு வாங்குகிறவர்களுக்கு மருந்தைப் புகையாகக் கொடுப்பவர்கள். மூச்சுக்கென்றே ஒரு படிப்பா என்று வியப்பாக இருந்தது. விசாரித்தால், என்னைத் திருப்பி அனுப்பிய அதே கம்யூனிட்டி கல்லூரியிலேயே அந்தப் படிப்பு இருந்தது!

இந்தக் கம்யூனிட்டி கல்லூரி என்பது என்ன என்று நம் ஊர்ச் சகோதரிகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதே சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901இல் ஆறே ஆறு மாணவர்களோடு முதல் அரசாங்க ஜூனியர் கல்லூரி ஆரம்பமாயிற்று. இப்போது நாடு முழுக்க இப்படிப்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. அந்தந்த வட்டாரத்து மக்களின் வரிப்பணமும் இதற்குப் போகிறது. அதனால் உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணம் குறைவு. 2024-25ஆம் கல்வி ஆண்டில் உள்ளூர் மாணவருக்கு வருஷக் கட்டணம் சராசரியாக 4,050 டாலர். பெரிய பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகைதான். வயது வரம்பு கிடையாது. மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு எல்லாம் உண்டு. என் வகுப்பில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், இருபது வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்த பெரியவரும் இருக்கிறார்.

டாக்டரும் நர்ஸும் மட்டும் இருந்தால் ஆஸ்பத்திரி நடக்காது. எக்ஸ்-ரே எடுப்பவர், ரத்தத்தைச் சோதிக்கும் லேப் டெக்னீஷியன், பல்லைச் சுத்தம் செய்பவர், ஆபரேஷன் அறையில் கருவிகளை எடுத்துக் கொடுப்பவர், நடக்கப் பழக்கும் பிசியோதெரபி உதவியாளர், மூச்சைக் கவனிக்கும் எங்களைப் போன்றவர்கள் எல்லாரும் வேண்டும். இந்தப் படிப்புகளில் பலவற்றைக் கம்யூனிட்டி கல்லூரியிலேயே இரண்டு வருஷப் பட்டமாகப் படிக்கலாம். அசோசியேட் பட்டம் என்று அதற்குப் பெயர். எக்ஸ்-ரே துறையில் பதிவுத் தேர்வு எழுத, 2015லிருந்து குறைந்தது இந்த அசோசியேட் பட்டமாவது இருக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். அவ்வளவு நாள் முடியாது என்பவர்களுக்குச் சின்னப் படிப்பும் உண்டு. நோயாளிக்குக் குளிக்க, சாப்பிட, எழுந்து நடக்க உதவும் நர்சிங் உதவியாளர் பயிற்சிக்கு மத்திய அரசின் விதிப்படி குறைந்தது 75 மணி நேரம். பல மாநிலங்களில் அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

ஆனால் ஒன்று. "இரண்டு வருஷம்" என்று சொல்கிறார்களே, அது வாசலைத் தாண்டிய பிறகுதான். வாசலுக்கு வருவதற்கே எனக்கு இரண்டரை வருஷம் ஆயிற்று. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

2021 ஜனவரியில் என் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு போனேன். வெளிநாட்டு மார்க் ஷீட்டை இந்த ஊர்க் கணக்குக்கு மதிப்பீடு செய்து தரத் தனி அலுவலகங்கள் இருக்கின்றன. அதை வாங்கிக் கொடுத்தேன். பிறகு ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஒரு சோதனை. ஆங்கிலம் எப்படியோ தப்பித்தது. கணக்கில் பழைய பாடத்திலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டார்கள். என் பன்னிரண்டு வயதுப் பையன் சாப்பாட்டு மேஜையில் எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தான். "அம்மா, எக்ஸ் யாருன்னு கண்டுபிடிக்கணும், அவ்ளோதான்" என்பான். "உங்க அப்பாவையே இத்தனை வருஷமா கண்டுபிடிச்சுக்கிட்டிருக்கேன், இது எம்மாத்திரம்" என்று நான் சொல்ல, அவர் பேப்பருக்குப் பின்னால் சிரிப்பார்.

அடுத்தது உடலமைப்புப் பாடம், இரண்டு பருவம். முதல் தேர்வில் நான் வாங்கியது 58 மார்க். காரிலேயே உட்கார்ந்து அழுதேன். மறுநாள் ஆசிரியை, "இலவசமாகச் சொல்லிக் கொடுக்கும் மையம் நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஏன் போகவில்லை?" என்று கேட்டார். இலவசம் என்றால் நமக்கு ஒரு சந்தேகம் வருமே, அதனால்தான் போகவில்லை! பிறகு வாரம் மூன்று நாள் போனேன். வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இதயத்துக்கு இடம் விட்டதால் இடதுக்கு இரண்டே மடல் என்று பாத்திரம் தேய்க்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். ரத்தத்தின் அமில அளவு 7.35 முதல் 7.45க்குள் இருக்க வேண்டும் என்று எழுதிய சீட்டு இன்னமும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பதப்படுத்திய பூனையை அறுக்க வேண்டி வந்தது. சின்னப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் மீன் கழுவிய கைக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் மேஜைக்குக் கத்தி பிடித்தது நான்தான்.

இந்த முன்பாடங்களை எல்லாம் நல்ல மார்க்கோடு முடித்தால்தான் மூச்சுப் படிப்புக்கு மனுப் போடவே முடியும். கல்லூரியின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் மருத்துவப் படிப்புகளுக்கு ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுக்க முடியுமோ அத்தனை இடம்தான். எனக்கு முதல் தடவை கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை, 2023 ஆகஸ்டில் கிடைத்தது.

சேர்ந்த பிறகு தடுப்பூசிப் பட்டியல் ஒன்று கொடுத்தார்கள். அதில் நம் ஊர்ப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. காசநோய் இருக்கிறதா என்று கையில் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். நாம் குழந்தையிலேயே பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்கள். அதனால் நோய் இல்லாமலே கை சிவந்து வீங்கலாம். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று, ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. பிறகு ரத்தச் சோதனை செய்தார்கள். பி.சி.ஜி. போட்டிருப்பது அந்தச் சோதனையைக் குழப்பாது. ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆகவே முதலிலேயே, "நான் பி.சி.ஜி. போட்டவள், ரத்தச் சோதனையே செய்யுங்கள்" என்று கேட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு வளையல் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அப்போது என் அத்தை ஊரிலிருந்து வந்து எங்களோடு ஆறு மாதம் இருந்தார்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு நான் கிளம்புகிறேன், எதிரில் நிற்கிறார்கள்.

"என்னம்மா இது, மூளிக் கையோட வெளிய போற?"

"அத்தை, வளையல்ல கிருமி ஒட்டிக்கிட்டு ஒரு நோயாளிகிட்டேருந்து இன்னொருத்தர்கிட்ட போயிருமாம். அதனால வேண்டாங்கிறாங்க."

அவர்கள் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை. மறுநாள் காலை கதவுப் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் இருந்தது. "இதுல கழட்டி வையி. வந்ததும் கை கழுவிட்டுப் போட்டுக்க" என்றார்கள். தாலிச் செயினைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வேன். அந்தக் கிண்ணம் இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிறது.

வீட்டில் எல்லாம் சுமுகமாக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். இவர் வைத்த சாம்பாரில் பல நாள் உப்பு இருக்காது. சின்னவளுடைய பள்ளி நாடகத்துக்கு நான் போக முடியவில்லை. "அம்மா மட்டும் வரல" என்று அவள் சொன்னது இன்னமும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு பருவம் தொடங்கும்போதே என் தேர்வுத் தேதிகளையும் பிள்ளைகளின் நாட்களையும் ஒரே காலண்டரில் எழுதி மாட்டினேன். மோதுகிற நாளை முன்கூட்டியே ஆசிரியையிடம் சொன்னால் முடிந்தவரை மாற்றிக் கொடுத்தார்கள். கேட்காமல் இருந்ததுதான் என் தவறு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பயிற்சியின் முதல் மாதத்தில் ஒரு முதியவரிடம் அனுப்பினார்கள். பல வருஷமாக இன்ஹேலர் உபயோகிக்கிறவர். "எப்படி உபயோகிக்கிறீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேட்கச் சொல்லியிருந்தார்கள். அவர் அதை வாயில் வைத்து அழுத்தினார், அதே நேரத்தில் மூச்சை வெளியே விட்டார். மருந்தெல்லாம் காற்றோடு போயிற்று. இத்தனை வருஷத்தில் அவரைச் செய்து காட்டச் சொல்லி யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.

அன்றைக்கு ராத்திரி, ஊரில் அப்போது காலை, அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். "அம்மா, அந்த மருந்த ஒரு தடவ எனக்கு அடிச்சுக் காட்டுங்க" என்றேன். அம்மாவும் அந்தப் பெரியவர் செய்த மாதிரியே செய்தார். பத்து வருஷமாக அப்படியே! அதுவும் தினமும் இல்லை. "இது பழகிருச்சுன்னா அப்புறம் விட முடியாதாம்டி, அதான் ரொம்ப முடியாதப்ப மட்டும் அடிச்சுக்குவேன்" என்றார். நம் ஊரில் எத்தனை வீட்டில் இந்தப் பேச்சு இருக்கிறது! இன்ஹேலர் போதை மருந்து இல்லை, கடைசிக் கட்ட மருந்தும் இல்லை. மாத்திரையாக விழுங்கினால் உடம்பு முழுக்கப் போகும் மருந்தை, குறைந்த அளவில் நேராக நுரையீரலுக்கு அனுப்பும் வழி அது. தினமும் எடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தால், இழுப்பு இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

வீட்டில் யாருக்காவது அழுத்துகிற வகை இன்ஹேலர் இருந்தால் இதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்கவும். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை முழுக்க வெளியே விடவும். வாயில் வைத்து உதட்டை இறுக்கி, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பித்ததும் ஒரு தடவை அழுத்தவும். தொடர்ந்து மெதுவாக இழுத்து, மனசுக்குள் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்ளவும். இரண்டாவது தடவை தேவை என்றால் ஒரு நிமிஷம் கழித்து, மறுபடியும் குலுக்கி எடுக்கவும். ஸ்டீராய்டு மருந்தாக இருந்தால் முடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடவும், இல்லாவிட்டால் வாயில் புண் வரும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஸ்பேசர் என்கிற குழாய்ப் பெட்டியை மாட்டிக் கொடுத்தால், அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்யும் தொல்லை குறையும்.

இளம் தாய்மார்களுக்கு இன்னொன்று. குழந்தைக்குச் சளியும் இருமலும் இருக்கும்போது, அது அழாமல் அமைதியாக இருக்கிற நேரம் பார்த்து, சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு, அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அம்மாவுக்குத் தம்பி மறுநாளே டாக்டரைப் பார்த்து ஸ்பேசர் வாங்கிக் கொடுத்தான். டாக்டரும் முறையைச் சரி பார்த்து, மருந்தைத் தினமும் எடுக்கச் சொன்னார். ஒரு மாதம் கழித்து அம்மா கூப்பிட்டார். "நேத்து ராத்திரி கட்டில்ல படுத்துத் தூங்குனேன்டி. விடியறவரைக்கும் முழிப்பே வரல." அவ்வளவுதான் சொன்னார். நான் போனை வைத்துவிட்டு, அரிசி டின்னுக்கு அடியில் இருந்த அந்தப் பழைய சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஒன்பது மாதத்தில் இப்படி ஒரு விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஆக, திருப்பூர் அம்மாவுக்கும் அவர் மகளுக்கும் நான் சொல்வது இது. எல்லாத் தனியார் பள்ளியும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு படிப்பில் சேருவதற்கு முன்னால், உள்ளே போகிற வாசலைப் பார்க்காதீர்கள், வெளியே வருகிற வாசலைப் பாருங்கள். டீ கொடுத்து உபசரிக்கிற இடத்தில் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: இந்தப் படிப்புக்கு அந்தத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா? கல்லூரிக்கு இருக்கிற அங்கீகாரம் வேறு, அந்தப் படிப்புக்கு இருக்கிற அங்கீகாரம் வேறு. மூச்சுப் படிப்புக்குக் கோ-ஆர்க் என்ற குழு, எக்ஸ்-ரே படிப்புக்கு ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி., பிசியோதெரபி உதவியாளர் படிப்புக்குக் கேப்டி என்று துறைக்கு ஒன்று இருக்கிறது. பள்ளிக்காரர் சொல்வதை நம்பாமல், அந்தக் குழுவின் பட்டியலிலேயே பெயரைத் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது: படித்து முடித்தால் எந்தத் தேர்வு எழுதலாம், எந்த மாநிலத்தில் லைசென்ஸ் கிடைக்கும்? போன வருஷங்களில் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள்? கோ-ஆர்க், ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி. அங்கீகாரம் உள்ள படிப்புகள் இந்தக் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது: ஆஸ்பத்திரிப் பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம்? இடத்தை நீயே தேடிக்கொள் என்று சொன்னால் யோசியுங்கள்.

இதோடு விசாவையும் பார்க்க வேண்டும். எச்-4 விசாவில் இருக்கிற பெண் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் வேலை செய்வதற்கு அனுமதி தனி. அது இல்லாவிட்டால் பட்டம் கையில் இருந்தும் வீட்டில்தான் உட்கார வேண்டும். அரசாங்கத்தின் பெல் உதவித்தொகைக்குக் குடியுரிமை உள்ளவர்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் வருமானத்தைப் பொறுத்து மனுப் போடலாம். திருப்பிக் கட்ட வேண்டாத பணம் அது. கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

ஊரில் இருக்கும் சகோதரிகள், இது நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் பக்கத்திலும் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டிலும் பல வந்துவிட்டன. நோயாளி உதவியாளர் மாதிரியான பயிற்சிகளை அவற்றில் சொல்லித் தருகிறார்கள். பக்கத்திலேயே தெருவுக்குத் தெரு "பாராமெடிக்கல்" பலகையும் தொங்குகிறது. 2021இல் நாடாளுமன்றம் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டு வந்திருக்கிறது. லேப், எக்ஸ்-ரே, பிசியோதெரபி என்று பல தொழில்கள் அதற்குள் வருகின்றன. அந்தச் சட்டத்தில், துணை மருத்துவப் பணியாளர் என்று சொல்லிக்கொள்வதற்கான டிப்ளமோ அல்லது பட்டம் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டிலிருந்து நான்கு வருஷம் படித்ததாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆகையால், ஆறு மாதத்தில் லேப் டெக்னீஷியன் ஆக்கிவிடுகிறோம் என்று யாராவது சொன்னால், பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் மகளுக்காகவும் கேளுங்கள், உங்களுக்காகவும் கேளுங்கள்.

நான் இப்போது கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். இதை முடித்ததும் தேசிய வாரியத்தின் தேர்வு, பிறகு மாநில லைசென்ஸ். தேர்வில் என்ன ஆகும் என்று பயமாகத்தான் இருக்கிறது. முடிவு எப்படி இருந்தாலும் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன், மறைக்க மாட்டேன். திருப்பூர் மகளே, அந்த ஒன்பது மாதப் பள்ளிக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணம் பெட்டியிலேயே இருக்கட்டும். நாளைக்கு உன் ஊர்க் கம்யூனிட்டி கல்லூரிக்குப் போய் ஆலோசனை அலுவலகக் கதவைத் தட்டு. ப்ளஸ் டூ மார்க் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போ. கணக்கு மறந்துபோச்சே என்று கவலைப்படாதே. உன் பிள்ளை சொல்லித் தரும்.

அடுத்த இதழில், வாரக் கடைசியில் சமைத்து வைத்து வாரம் முழுக்கச் சமாளிக்கும் என் பட்டியலைத் தருகிறேன். இவருடைய உப்பில்லாத சாம்பாரிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்தது அது.

அன்புடன்,
உங்கள் சகோதரி